தாதகுணி எஸ்டேட்டில் பேயும் இல்லை, பிசாசும் இல்லை

கேள்வி: பெங்களூர் கனகபுரா ரோட்டில் உள்ள தாதகுணி எஸ்டேட் யாருடையது? யாரோ நடிகை வாழ்ந்த பேய் பங்களா என்கிறார்களே?

பேய் என்று போட்டிருக்கிறீர்களே, அதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். அந்தப் பக்கம் புதிதாக ஃபிளாட் வாங்கியவர் போலிருக்கிறது. கேப் ஓட்டுபவரோ செக்யூரிட்டியோ கதை விட்டிருப்பார். ராத்திரியில் அங்கே நடமாட்டம் உண்டுதான், பன்னேர்கட்டா காட்டிலிருந்து வரும் யானைகள்!

"யாரோ நடிகை" இல்லை, தேவிகா ராணி. கணவர் ஹிமான்ஷு ராயோடு சேர்ந்து 1934-ல் பம்பாய் டாக்கீஸ் என்ற சினிமா ஸ்டூடியோவை உண்டாக்கியவர். தாதாசாகேப் பால்கே விருதை முதன்முதலில் வாங்கியவரும் அவர்தான். 1940-ல் ராய் இறந்தபின் சில வருஷம் ஸ்டூடியோவை நடத்திப் பார்த்தார். 1945-ல் ரஷ்ய ஓவியர் ஸ்வெதஸ்லாவ் ரோரிக்கை மணந்து, சினிமாவையே விட்டுவிட்டார். கொஞ்ச காலம் இமயமலைப் பக்கம், அப்புறம் நம் பெங்களூர். தாதகுணியில் நானூற்றைம்பது ஏக்கருக்கு மேல் நிலம்.

எல்லோரும் நடிகை, ஓவியர் என்பதோடு நிறுத்திவிடுவார்கள். எங்களைப் போன்றவர்களுக்கு அது லினலோ எஸ்டேட். மெக்சிகோ நாட்டு மரம். அங்கே கட்டையைக் காய்ச்சி எண்ணெய் எடுப்பார்கள், நம் பக்கம் காயின் தோலிலிருந்து. சோப்பு, சென்ட், ஊதுபத்தி எல்லாவற்றுக்கும் போகும். நான் சின்ன வயதில் அவென்யூ ரோடு பக்கம் ஒரு சென்ட் எண்ணெய்க் கடையில் எடுபிடியாக இருந்தவன். லினலோ டின்னைத் திறந்தால் முதலில் பூ வாசனை வரும், கொஞ்சம் பொறுத்தால் அடியில் எலுமிச்சைத் தோல் வாசனை. கையில் பட்டால் சோப்புப் போட்டாலும் சாயங்காலம் வரை போகாது. பஸ்ஸில் பக்கத்தில் நிற்பவர் திரும்பிப் பார்ப்பார். எங்கள் டின்கள் எல்லாம் தாதகுணியிலிருந்தா வந்தன என்று சண்டைக்கு வராதீர்கள், நான் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் லினலோ என்றால் கடையில் பெரியவர்கள் வாயில் முதலில் வருவது அந்த எஸ்டேட் பெயர்தான்.

வாசனை என்றதும் அம்மா ஞாபகம். ஸ்ரீராமபுரத்தில் எங்கள் சந்தில் பாதிப் பெண்கள் ஊதுபத்தி உருட்டியவர்கள், முக்கால்வாசிப் பேர் தமிழ் வீடுகள். ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. உருட்டிய ஊதுபத்திக் கட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தால் மேஸ்திரி நாலு குச்சியை உருவிப் பார்த்து, "வளைஞ்சிருக்கு" என்று கூலியில் சேதாரம் பிடிப்பார். கழித்த குச்சியைத் திருப்பித் தருவாரா என்றால் அதுவும் கிடையாது, அதே குச்சி மறுநாள் நல்ல குச்சியோடு சேர்ந்து பாக்கெட்டுக்குள் போகும். அம்மாவின் வலது உள்ளங்கை கடைசிவரை கறுத்தேதான் இருந்தது. கேள்விக்குச் சம்பந்தமில்லை என்று தெரியும். இருந்தாலும் இதை நான் எங்கே போய்ச் சொல்ல?

சரி, எஸ்டேட்டுக்கு வருவோம். ரோரிக் 1993 ஜனவரியில் இறந்தார், தேவிகா ராணி 1994 மார்ச்சில். பிள்ளைகள் இல்லை. நிலத்தை நாங்கள் வாங்கிவிட்டோம் என்று ஒரு நிறுவனம் வந்தது. ஒருவர் இவ்வளவு நிலம்தான் வைத்துக்கொள்ளலாம் என்கிற உச்சவரம்புச் சட்டத்தில் லினலோ பயிரிட்ட நிலத்துக்கு விலக்கு இருந்தது, அதை அரசு 1994-ல் எடுத்துவிட்டது. 1996-ல் இந்த எஸ்டேட்டுக்கென்றே கர்நாடகம் தனிச்சட்டம் போட்டுக் கையகப்படுத்த, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2011-ல் ஐந்து நீதிபதிகள் அமர்வு அரசு பக்கம் தீர்ப்புச் சொன்னது. சொத்துரிமை பற்றிப் பேசும் வக்கீல்கள் இன்றைக்கும் அந்தத் தீர்ப்பை எடுத்துக் காட்டுவார்கள். அரசு எடுத்தது சரியா என்று என்னிடம் கேட்டால், சரிதான். இல்லாவிட்டால் இந்நேரம் அங்கே நாற்பது மாடி நின்றிருக்கும். ஃபிளாட் வாங்கியவர்களைக் குத்திக் காட்டவில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

எஸ்டேட்டுக்குக் கிளம்புவதற்கு முன் உள்ளே விடுவார்களா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். ரோரிக் வரைந்த படங்களைப் பார்க்கத்தான் ஆசை என்றால் அவ்வளவு தூரம் போகவே வேண்டாம், குமார கிருபா ரோட்டில் சித்ரகலா பரிஷத்தில் ரோரிக் ஓவியங்களுக்கென்றே தனிக்கூடம் இருக்கிறது. பிள்ளைகளையும் கூட்டிப்போங்கள்.