லிம்பெட்டைத் தமிழில் எப்படிச் சொல்வது?

வணக்கம் ஐயா,

ஆங்கிலச் சிறுகதை ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். சந்தைக் கூட்டத்தில் ஒரு சிறுவன் தன் தாயை ‘லிம்பெட் போல’ ஒட்டிக்கொள்கிறான். அகராதியில் ‘ஒருவகைச் சிப்பி’ என்று மட்டும் இருக்கிறது. ‘அட்டை போல’ என்று எழுதினேன். அம்மா வேண்டவே வேண்டாம் என்கிறார். லிம்பெட் என்பது என்ன? அந்தப் பெயர் எப்படி வந்தது?

வாசகி, பட்டர்வொர்த்

அன்புள்ள சகோதரிக்கு,

அம்மா சொல்வதுதான் சரி. ரப்பர் தோட்டத்தில் இருட்டோடு மரம் சீவப் போய் அட்டைக்கடி பட்டவர்களுக்கு அந்தச் சொல்லைக் கேட்டதும் காலில் வழிந்த ரத்தம்தான் ஞாபகம் வரும். பிள்ளை தாயைக் கட்டிக்கொள்வதற்கு அது ஆகாது.

‘சிப்பி’யும் பொருந்தாது. சிப்பிக்கு இரண்டு ஓடு, லிம்பெட்டுக்கு ஒன்றுதான். அது கடல் நத்தை. தெலுக் பாஹாங் பக்கம் கடல் வற்றும் நேரத்தில் பாறைகளைக் குனிந்து பாருங்கள். கவிழ்த்துவைத்த குட்டிச் சிரட்டை போல, உச்சியிலிருந்து விளிம்புவரை கோடு கோடாக இருக்கும். விரல் பட்டதும் இறுகிக்கொள்ளும், ஓரத்தில் ஒரு சொட்டு நீர் கசியும். அப்புறம் நகத்தைக்கூட நுழைக்க முடியாது.

பழைய ஆங்கிலத்தில் அதற்கு ‘லெம்பெடு’ என்று பெயர். இடைக்கால லத்தீனின் ‘லாம்ப்ரெடா’விலிருந்து வந்தது. வாயால் கல்லைக் கவ்விக்கொள்ளும் தாடையில்லாத மீனான லாம்ப்ரேயின் பெயருக்கும் அதுவே மூலம். அந்தச் சொல்லை ‘நக்கு’, ‘பாறை’ என்று பிரித்துப் பொருள் சொல்வோர் உண்டு. ஊகம்தான், ஆனாலும் எனக்குப் பிடித்த ஊகம். நீர் ஏறியதும் லிம்பெட் செய்வது அதைத்தானே! அரம் போன்ற நாக்கால் பாறைப் பாசியைச் சுரண்டித் தின்கிறது. அந்த நாக்கின் பற்களில் இரும்புத் தாது இழையோடுகிறது. அவை சிலந்தி நூலைவிட வலுவானவை என்று 2015இல் போர்ட்ஸ்மத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அளந்து சொன்னார்கள்.

அறிவியலில் ஒரு லிம்பெட் பேரினத்தின் பெயர் ‘பட்டெல்லா’, லத்தீனில் சிறு தட்டு. முழங்கால் சில்லுக்கும் மருத்துவத்தில் அதே பெயர். எங்கள் வீட்டில் அதை முழங்கால் சிரட்டை என்போம். அவர்கள் தட்டைப் பார்த்த இடத்தில் நாம் சிரட்டையைப் பார்த்திருக்கிறோம்.

இந்தப் பெயர் போருக்கும் போனது. 1943 செப்டம்பர் 26 இரவு, சிங்கப்பூர் துறைமுகத்தில் நேசநாட்டு வீரர்கள் சிறு தோணிகளில் வந்து ஜப்பானியர் வசமிருந்த கப்பல்களில் காந்தத்தால் ஒட்டவைத்த வெடிகளுக்கும் ‘லிம்பெட்’ என்றே பெயர்.

இதையெல்லாம்விட நான் சொல்ல ஆசைப்படுவது வேறு. லிம்பெட் ஒரேயடியாக ஒட்டிக்கிடக்கும் உயிர் அல்ல. பல இனங்கள் இரைதேடிப் போய், புறப்பட்ட அதே இடத்துக்குத் திரும்பிவிடும். அந்த இடத்தின் மேடுபள்ளத்துக்கு ஏற்ப ஓட்டின் விளிம்பு வளர்ந்திருக்கும். பாறை மென்மையானதாக இருந்தால் அதுவே வட்டமாகத் தேய்ந்து இடம்கொடுக்கும்.

நம்மிடம் ‘உடும்புப்பிடி’ இருக்கிறது. ஆனால் அதில் பிடிவாதம் தூக்கல். ‘அலைக்குப் பயந்த நத்தை பாறையோடு ஒட்டுவதுபோல’ என்று எழுதி, அம்மாவிடம் ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள்.