நாகர்கோவிலில் உள்ளூர் வியாபாரம் வளர மாநகராட்சி என்ன செய்யலாம்?

வரிச்சலுகை கொடுத்தால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது என்பேன். நாகர்கோவில் 2019-ல் மாநகராட்சியானது. தொழில் உரிமம், சந்தைக் கடை வாடகை, சாக்கடை, குப்பை, பார்க்கிங் எல்லாம் அதன் கையில்தான் இருக்கின்றன. சின்னக் கடைக்காரருக்கு இவைதான் உயிர்நாடி.

வடசேரி சந்தையையே எடுத்துக்கொள்ளுங்கள். மழை பெய்து வாசலில் தண்ணீர் தேங்கினால் வாடிக்கையாளர் அப்படியே திரும்பிப் போய்விடுவார். அன்றைய வாழைக்குலை மறுநாள் கறுத்துவிடும், நஷ்டம் முழுக்க வியாபாரிக்கு. நல்ல வடிகால், சுத்தமான கழிப்பறை, சரக்கு வண்டி நிற்க ஓர் இடம் இருந்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

அடுத்து தெருவோர வியாபாரிகள். 2014-ல் வந்த தெருவோர வியாபாரிகள் சட்டப்படி, அவர்களைப் பற்றிய கணக்கெடுப்பு முடியாமல் அவர்களை அப்புறப்படுத்தக் கூடாது. தெருவோர வியாபாரத்தை ஒழுங்குபடுத்தும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் அவர்களுடைய பிரதிநிதிகள் இருக்க வேண்டும். அந்தக் குழு ஒழுங்காகக் கூடினாலே பல சண்டைகள் வராது. மாநகராட்சி தரும் வியாபாரி அடையாள அட்டையும் முக்கியம். தெருவோர வியாபாரிகளுக்காக 2020-ல் வந்த பிரதமர் ஸ்வநிதி கடன் முதலில் 10,000 ரூபாயில் தொடங்கியது. அதை வாங்க அந்த அட்டை பெரிதும் உதவியது.

புதிதாகத் தொழில் தொடங்குபவர்களுக்கு மானியக் கடன் கிடைக்க வங்கிக்குப் பரிந்துரைப்பது மாவட்டத் தொழில் மையத்தின் வேலை. ஆனால் உரிமத்துக்கு வருபவரை அங்கே அனுப்பிவைக்க மாநகராட்சி அலுவலகத்தில் ஒரு ஆள் வேண்டும்.

அப்புறம், நம் குமரி மாவட்டத்து மட்டி வாழைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கன்னியாகுமரிக்கு வரும் சுற்றுலாப் பயணிகள் நாகர்கோவில் வழியாகத்தானே அதிகம் போகிறார்கள்? பேருந்து நிலையத்தில் மட்டி, கிராம்பு விற்க உள்ளூர் மகளிர் குழுக்களுக்குக் குறைந்த வாடகையில் இரண்டு கடை ஒதுக்கலாமே.