ஏரிக்கரைப் பாதையில் வேலி: எங்கே முறையிடுவது?

கேள்வி: எங்கள் ஊரில் முப்பது வருடமாகக் காலை நடைக்கு ஏரிக்கரை போகிற பாதையை, பக்கத்தில் மனை பிரித்தவர் கம்பிவேலி போட்டு அடைத்துவிட்டார். கேட்டால் 'என் பட்டா நிலம்' என்கிறார். என்ன செய்யலாம்? (செங்கல்பட்டு மாவட்ட வாசகர்)

பதில்: முதலில் வேலியில் கை வைக்காதீர்கள், வழக்கு உங்கள் மேல் பாயும். அவர் 'பட்டா' என்று சொன்னதையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். சர்வே எண்ணைக் கொண்டு 'அ' பதிவேட்டையும் (நிலம் யாருடையது, என்ன வகை என்று சொல்லும் கணக்கு) புலப்படத்தையும் (நிலத்தின் அளவு வரைபடம்) வருவாய்த் துறை இணையதளத்தில் நீங்களே எடுக்கலாம். அதில் வண்டிப்பாதை என்றோ ஏரிப் புறம்போக்கு என்றோ இருந்தால் பாதிக் கவலை விட்டது. 1905-ஆம் வருட நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி நோட்டீஸ் கொடுத்து வேலியை எடுக்க வேண்டியது தாசில்தார். மனைக்காரர் அச்சடித்த வண்ணப்படம் ஆவணமே அல்ல.

தாலுகா ஆபீஸ் வாசல் டீக்கடையில் ஒருவர் உங்களைப் பிடிப்பார். 'பாதைக்குப் பட்டா வாங்கித் தரேன், மேலே கொஞ்சம் கவனிக்கணும்' என்பார். பொதுப்பாதைக்கு ஏதய்யா தனிப்பட்டா? உங்களிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு, சாயங்காலமே மனைக்காரருக்கும் போன் போடுகிற ஆள் அவர். மனுவை நீங்களே எழுதுங்கள், ஒப்புகைச் சீட்டு இல்லாமல் திரும்பாதீர்கள். கலெக்டரிடமே கொடுத்தாலும் அது கோட்டாட்சியர், தாசில்தார், ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) என்று இறங்கி, வேலி போட்டபோது சும்மா இருந்த அதே வி.ஏ.ஓ. மேசைக்குத்தான் விசாரணைக்கு வரும். நமது நிர்வாகத்தின் லட்சணம் அது.

உண்மையிலேயே பட்டா நிலம்தான் என்றால்? உங்கள் வீட்டுக்கோ நிலத்துக்கோ உரிய வழியாக, 20 வருடம் தடையில்லாமல், வெளிப்படையாக, உரிமையோடு நடந்திருந்தால் 1882-ஆம் வருட வசதியுரிமைச் சட்டம் (அடுத்தவர் நிலத்தில் நடக்கிற உரிமை போன்றவற்றுக்கான சட்டம்) கைகொடுக்கும். 'உரிமையோடு' என்பதில்தான் சிக்கல். பழைய நிலக்காரர் 'போய்ட்டு வாங்க' என்று அனுமதித்து நடந்திருந்தால், முப்பது வருடமானாலும் அது அவர் தயவு, உரிமையாகாது. கேட்டுக்கொண்டு நடந்தீர்களா, கேட்காமல் நடந்தீர்களா? வக்கீல் முதலில் கேட்பது இதைத்தான். நல்ல பிள்ளையாக அனுமதி கேட்டவருக்குத்தான் நஷ்டம், என்ன செய்ய!

வேலி போட்ட தேதியை இன்றே குறித்து, படமும் எடுத்து வையுங்கள். தடையைத் தெரிந்தே ஒரு வருடம் சும்மா இருந்தால் உங்கள் 20 வருடக் கணக்கு அறுந்துவிடும். மனு நகராவிட்டால், அந்த வருடம் முடியுமுன் சிவில் கோர்ட்டுக்குப் போங்கள்.