வாய்க்காலின் ஆழம் கேட்டால் கம்ப்யூட்டர் ஏன் கலப்பெண் சொல்கிறது?

மன்னார்குடியிலிருந்து சிவில் படிக்கும் மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: "பாமணியாற்றிலிருந்து பிரியும் ஒரு வாய்க்காலில் நீரின் ஆழம் காண, வாய்க்காலின் அளவு, சரிவு, சொரசொரப்பை வைத்து ஓட்டத்தைச் சொல்லும் மேனிங் சூத்திரத்தை, பைத்தான் மொழியின் இலவசக் கணிதத் தொகுப்பான சிம்பையில் போட்டு 'சால்வ்' கட்டளை கொடுத்தேன். அரை மணி நேரம் ஓடியும் விடை வரவில்லை. இருபுறமும் மும்மடியாக்கிக் கொடுத்தால் ஐந்து விடைகள் வருகின்றன, நான்கில் 'ஐ' ஒட்டியிருக்கிறது. இலவச மென்பொருள் என்றால் இப்படித்தான், 6,000 ரூபாய் கொடுத்தால் நல்லதாகப் போட்டுத் தருகிறேன் என்கிறார் புராஜெக்ட் சென்டர்காரர். வாங்கலாமா சார்?"

வேண்டாம்மா, அந்தப் பணத்தைக் கொடுக்காதீர்கள். உங்கள் மென்பொருளில் பழுது இல்லை.

உங்கள் கணக்கையே பார்ப்போம். அகலம் 3 மீட்டர், சரிவு 5,000க்கு 1, மேனிங் எண் (வாய்க்காலின் சொரசொரப்பைக் காட்டும் எண்) 0.025, ஓட்டம் விநாடிக்கு 2 கன மீட்டர். ஆழம் தெரிந்தால் ஓட்டம் காண்பது ஒரு வரி வேலை. திருப்பிக் கேட்டால்தான் சிக்கல். சூத்திரத்தின் பின்னத்தில் ஆழம் மேலே 5/3 அடுக்கில் இருக்கிறது, கீழே நனையும் சுற்றளவுக்குள்ளும் (நீர் படும் அடிப்பகுதி, இரு கரைகளின் மொத்த நீளம்) 2/3 அடுக்கில் இருக்கிறது. மும்மடியாக்கினால் அது ஐந்தாம் படிச் சமன்பாடு. இருபடிச் சமன்பாட்டுக்கு இருப்பதுபோல் ஐந்தாம் படிக்குப் பொதுச் சூத்திரம் கிடையாது என்று நார்வே நாட்டுக் கணிதவியலாளர் ஏபெல் 1824இலேயே நிரூபித்துவிட்டார். 'சால்வ்' தேடிக்கொண்டிருந்தது அப்படி ஒரு சூத்திரத்தை. எத்தனை லட்சம் கொடுத்து வாங்கினாலும் எந்த மென்பொருளும் இல்லாததைத் தராது.

ஐந்தாம் படி என்றால் ஐந்து மூலங்கள் இருக்கும். உங்கள் கணக்கில் ஒன்றுதான் மெய்யெண், சுமார் 1.45 மீட்டர். மற்ற நான்கும் 'ஐ' (மைனஸ் 1இன் வர்க்கமூலம்) கலந்த கலப்பெண்கள். அவற்றுக்கும் வாய்க்காலுக்கும் சம்பந்தமில்லை, தள்ளிவிடுங்கள்.

இனி 'சால்வ்' வேண்டாம், 'என்சால்வ்' கொடுங்கள். அது எண்ணாகவே விடை தேடும். தொடக்க மதிப்பு 1 என்று சொல்லுங்கள். சுழியோ குறை எண்ணோ கொடுத்தால் தடுமாறும். வந்த 1.45ஐச் சூத்திரத்தில் போட்டுக் கால்குலேட்டரில் பாருங்கள், 2.008 வரும். சரி, விடை தேறிவிட்டது. இன்னொன்று: பைத்தானில் 5/3 என்று அடித்தால் அது முதலில் வகுத்துத் தசமமாக்கிவிடும், சிம்பைக்குப் பின்னம் போய்ச் சேராது. பின்னம் வேண்டுமானால் 'ரேஷனல்' போடுங்கள்.

நம் பக்கத்தில் ஓட்டத்தைக் கன அடியில்தான் சொல்வார்கள். 2 கன மீட்டர் என்பது சுமார் 70 கன அடி. அந்த 70ஐ அப்படியே மீட்டர் சூத்திரத்தில் போட்டுவிட்டு மென்பொருளைத் திட்டுகிற மாணவர்கள் நிறைய.

ஒரே மெய்யெண் விடை என்றேனே, அது திறந்த வாய்க்காலுக்கு. சாலைக்கு அடியில் போகும் வட்டக் குழாய்க்கு அப்படிச் சொல்ல முடியாது, இதைக் கவனமாகப் படியுங்கள். குழாயில் நீர் ஏறும்போது ஓட்டமும் கூடும், ஆனால் விட்டத்தில் 0.94 பங்கு உயரம் வரைதான். அதற்கு மேல் நீர் ஏறினால் நனையும் சுற்றளவு வேகமாகக் கூடி, உராய்வு மிகுந்து, ஓட்டம் குறையும். முழுக் குழாயைவிட அந்த உயரத்தில் ஏறத்தாழ 7.6 சதவீதம் அதிகம் ஓடும். ஆகவே முழுக் குழாயின் ஓட்டத்துக்கும் அந்த உச்ச ஓட்டத்துக்கும் இடைப்பட்ட ஒரே ஓட்டத்துக்கு இரண்டு ஆழங்கள் உண்டு, இரண்டுமே சரி. தொடக்க மதிப்பை மாற்றினால் விடையும் மாறும். பயப்படாதீர்கள், இரண்டையும் அறிக்கையில் எழுதுங்கள்.

அந்த சென்டர்காரர் விற்பது பெரும்பாலும் உரிமம் உடைத்த நகல்தான். கூடவே வைரஸும் வரும், பழைய அறிக்கையும் வரும். வைவாவுக்கு (வாய்மொழித் தேர்வுக்கு) நான் போன ஒரு கல்லூரியில் நான்கு பேர் நான்கு ஊர் வாய்க்கால்களுக்கு ஒரே ஆழத்தைத் தசமப் புள்ளி மாறாமல் எழுதியிருந்தார்கள். பிள்ளைகளைக் கேட்டு என்ன செய்வது? பைண்டிங்கின் நிறத்தையும் பக்க எண்ணிக்கையையும் பார்த்து மதிப்பெண் போடுகிற வரைக்கும் இந்த வியாபாரம் நடக்கத்தான் செய்யும். விலை கொடுத்த மென்பொருளின் பெயர் இருந்தால்தான் அறிக்கையை வாங்குவோம் என்று சொல்லும் துறைகளை நினைத்தால் கோபம்தான் வருகிறது.

மேட்டூர் திறந்து தண்ணீர் வந்ததும் ஒரு அளவுகோலோடு வாய்க்காலுக்கே போய் ஆழத்தை அளந்து பாருங்கள். ஓட்டம் அதே 2 கன மீட்டராக இருந்தும் 1.45க்குப் பதில் 1.7 இருந்தால், பெரும்பாலும் 0.025 என்று நீங்கள் எடுத்த மேனிங் எண்தான் தவறாக இருக்கும். ஆகாயத்தாமரையும் கோரையும் மண்டிய வாய்க்காலுக்கு அது போதாது, கூட்டிப் போட்டு மறுபடி ஓட்டுங்கள்.