முதல் மாண்டலின் எது வாங்கலாம்?

கேள்வி: மகள் மாண்டலின் பழக ஆசைப்படுகிறாள். கையில் பெரிய காசு இல்லை, எதைப் பார்த்து வாங்குவது? – வாசகி, களுவாஞ்சிகுடி

பதில்: சுருள் வேலைப்பாடுள்ள எஃப் வடிவம் வேண்டாம் அக்கா, அந்த அலங்காரத்துக்கே விலை ஏறும், அதே காசுக்கு நீர்த்துளி மாதிரியான ஏ வடிவத்தில் இன்னும் நல்ல கருவி கிடைக்கும். முக்கியமாகத் தந்தியின் உயரத்தைப் பாருங்கள். கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கம்பிகள்தான் ஃப்ரெட். 12ஆவது ஃப்ரெட்டுக்கு மேல் தந்தி நிற்கும் உயரம் 2 மில்லிமீற்றரைத் தாண்டினால், சோடி சோடியாக இருக்கும் எட்டுத் தந்திகளை அழுத்தியே பிள்ளைக்கு விரல் நொந்து பழக்கமே வெறுத்துவிடும். அதே ஃப்ரெட்டில் அழுத்தி மீட்டினால் வெறுந்தந்தியின் மேல்ஸ்தாயி சரியாக வர வேண்டும். வராவிட்டால் தந்திகளைத் தாங்கும் மரத்துண்டான பிரிட்ஜை நகர்த்திப் பார்க்கச் சொல்லுங்கள், அது ஒட்டாமல்தான் நிற்கும். சுருதி வயலினைப் போலவே ஜி, டி, ஏ, இ. அதனால் வயலின் தெரிந்த ஒருவரைக் கடைக்குக் கூட்டிப்போங்கள், கல்லடி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் படித்தவர்களை விசாரித்துப் பாருங்கள். அப்புறம், நம் கடற்காற்றுக்குத் தந்தி சீக்கிரம் துருப்பிடிக்கும், மேலதிகமாக ஒரு செட்டுக்கும் காசு ஒதுக்குங்கள்.