கணுவுக்கு எத்தனை இலை? – தண்ணீர்ப் பாசிகள் பற்றி வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நான்காம் படிவ மாணவர்களின் ஒளிச்சேர்க்கைச் சோதனைக்காக மீன்தொட்டிக் கடையில் ‘எலோடியா’ என்ற நீர்ச்செடியைக் கேட்டு ஒரு கட்டு வாங்கினேன். சில தண்டுகளில் கணுவுக்கு நான்கு இலை, சிலவற்றில் ஐந்து, ஆறு. எலோடியாவுக்கு மூன்று என்றுதான் படித்திருக்கிறேன். என் கையில் இருப்பது என்ன? – ஆசிரியை, பட்டர்வொர்த்

பதில்: உங்கள் கட்டில் ஹைட்ரில்லா, எகேரியா என்ற வேறு இரண்டு நீர்ச்செடிகள் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். உண்மையான எலோடியா வட அமெரிக்காவின் குளிர்ந்த நீரில் வளர்வது; பினாங்குச் சூட்டில் அது சீக்கிரம் நலிந்துவிடும். பெயர்க் குழப்பத்துக்குக் காரணம் பழையது. தென் அமெரிக்காவைச் சேர்ந்த எகேரியா டென்சாவை ஒரு காலத்தில் எலோடியா, அனாகாரிஸ் ஆகிய பேரினங்களில் சேர்த்திருந்தார்கள். தாவரவியலார் பெயரை மாற்றிவிட்டார்கள், வியாபாரத்தில் பழைய பெயர்களே நின்றுவிட்டன.

இலையை எண்ணிப் பாருங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். எகேரியாவில் பெரும்பாலும் நான்கு என்றாலும் மூன்றும் வரும், ஆறும் வரும். ஹைட்ரில்லாவில் பெரும்பாலும் ஐந்து. மூன்று முதல் எட்டு வரை மாறும். தண்டின் அடிப்பகுதியில் இலை குறைவாக இருக்கும், நுனியில் நெருக்கமாகி எண்ணவே முடியாது. ஆகவே நடுத்தண்டில் பத்துக் கணுக்களை எண்ணி, அதிகம் வரும் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது விரல். தண்டை நீரிலிருந்து எடுத்து, நுனியிலிருந்து அடி நோக்கி இரு விரலுக்கிடையில் மெதுவாக இழுங்கள். ஹைட்ரில்லா சொரசொரக்கும். அதன் இலையோரத்து ரம்பப் பற்கள் வெறும் கண்ணுக்கே தெரியும். ஓர் இலையைப் பிய்த்துக் கவிழ்த்து வைத்தால், நடுநரம்பின் அடிப்புறத்திலும் சிறு முட்கள் இருக்கும். புதிய இலையில் அந்த நரம்பு பல சமயம் செம்மை படர்ந்திருக்கும். எகேரியா இலை மிருதுவானது. பற்கள் உண்டு, ஆனால் பத்து மடங்கு பெரிதாக்கும் பூதக்கண்ணாடி வேண்டும். நடுநரம்பின் அடியில் முள் கிடையாது. அளவும் உதவும்: ஹைட்ரில்லா இலை பெரும்பாலும் 2 சென்டிமீட்டருக்குள் அடங்கும், எகேரியா இலை 3 சென்டிமீட்டர் வரை போகும். ஆனால் நிழலில் வளர்ந்த செடி நீண்டு மெலிந்துவிடும் என்பதால் அளவைக் கடைசிச் சான்றாகவே வையுங்கள்.

பள்ளியில் நுண்ணோக்கி இருப்பதால் சந்தேகமே இல்லாத ஒரு சோதனையும் செய்யலாம். இலை தண்டோடு சேரும் கக்கத்தில் மிகச் சிறிய செதில்கள் இருக்கும். ஹைட்ரில்லாவில் அவற்றின் ஓரத்தில் ஆரஞ்சு கலந்த பழுப்பு நிற இழைகள் குஞ்சம் கட்டியதுபோல் நிற்கும். எகேரியாவின் செதில் ஓரம் மழமழப்பானது. மாணவர்களுக்கு இதைக் காட்டுங்கள், மறக்கமாட்டார்கள்.

சோதனைக்கு இரண்டுமே நன்றாக உதவும். ஆனால் ஒரு குழுவுக்கு இது, இன்னொரு குழுவுக்கு அது என்று கொடுத்துவிட்டு நிமிடத்துக்கு எத்தனை குமிழி என்று ஒப்பிட்டால் கணக்குப் பொருளற்றுப் போகும். ஒரே செடியை, ஒரே நீளத்தில், 8 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டு, எல்லாருக்கும் கொடுங்கள். வெட்டிய முனை மேலே பார்க்க வேண்டும். குமிழி அங்கிருந்துதான் வரும். கத்தரிக்கோல் தண்டை நசுக்கி வழியை அடைத்துவிடும், எனவே புது பிளேடால் நீருக்குள்ளேயே சாய்வாக வெட்டுங்கள். கொதிக்கவைத்து ஆறிய நீரில் கரியமிலவாயு அநேகமாக இருக்காது. ஒரு லிட்டர் நீருக்குத் தலைதட்டிய ஒரு தேக்கரண்டி ஆப்ப சோடா, அதாவது சுமார் 5 கிராம், கலந்தால் போதும்.

கேள்வி: வீட்டு அல்லிக் குளத்தில் ஹைட்ரில்லா. மூன்று முறை முழுக்கப் பிடுங்கியும் திரும்ப வருகிறது. என்ன செய்வது? – வாசகர், ஆயர் ஈத்தாம்

பதில்: அது ஹைட்ரில்லாதானா என்பதற்குச் சேறே சாட்சி சொல்லும். ஒரு கைச் சேற்றை அள்ளி, 3 மில்லிமீட்டர் கண் உள்ள சல்லடையில் நீர் ஊற்றி அலசுங்கள். பட்டாணிக்குச் சற்றுச் சிறியதாய், வெள்ளையாகவோ மஞ்சளாகவோ, ஒரு பக்கம் கூர்ந்த கிழங்குகள் தங்கினால் அது ஹைட்ரில்லா. எகேரியாவிலும் எலோடியாவிலும் இந்தக் கிழங்கு கிடையாது. அதனால்தான் எகேரியாவை ஒருமுறை சுத்தமாக எடுத்தால் பிரச்சினை தீரும், ஹைட்ரில்லாவில் தீராது. இழுத்தால் தண்டு மட்டும் கையோடு வரும், கிழங்கு அடியில் தங்கிவிடும். கலைக்காத சேற்றில் அது பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும்.

நீரை மட்டும் வடித்து நாலு நாள் வெயில் காட்டுவது வீண். மேல்சேறு வெடிக்கும், அடியிலுள்ள ஈரம் கிழங்கைக் காப்பாற்றிவிடும். சிமெண்டுக் குளம் என்றால் சேறு முழுவதையும் அள்ளுங்கள். அல்லிக் கிழங்கை எடுத்து வேரைக் கழுவி, புது மண்ணில் நடுங்கள். பழைய தொட்டி மண்ணைத் திரும்பப் போட்டால் உழைப்பெல்லாம் போச்சு. பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பார்த்து, முளைப்பதைக் கிழங்கோடு தோண்டுங்கள். அல்லி இலை மூடினால் வெளிச்சமின்றிச் செத்துவிடும் என்றும் எண்ண வேண்டாம். மிக மங்கிய வெளிச்சத்திலும் வளரும் செடி இது. புல்கெண்டை மீன் இதை விரும்பித் தின்னும்தான், ஆனால் வீட்டுக் குளத்துக்கு அது மிகப் பெரிதாகிவிடும்.

பிடுங்கியதை லோங்காங்கில் (சாக்கடையில்) கொட்டாதீர்கள். ஒரு கணு மட்டும் உள்ள துண்டுகூட வேர்விடும். சிமெண்டுத் தரையில் பரப்பி, கையில் நொறுங்கும்வரை காயவைத்துப் பூச்செடிக்கு உரமாக்குங்கள். ஹைட்ரில்லா ஆசியாவின் சொந்தச் செடி. இதே செடி 1950களில் இலங்கையிலிருந்து மீன்தொட்டி வியாபாரத்தில் ஃபுளோரிடாவுக்குப் போய், வாய்க்கால்களையும் ஏரிகளையும் அடைத்தது.

கேள்வி: கபோம்பா என்று வாங்கியது உண்மையில் கபோம்பாதானா? வேரே இல்லை. – வாசகி, புக்கிட் மெர்தாஜாம்

பதில்: வேரே இல்லாமல், தொட்டால் கரடுமுரடாக இருந்தால் அது செரட்டோஃபில்லம். அதன் இலை ஒன்றிரண்டு முறை கவட்டையாகப் பிரியும், அவ்வளவுதான். கபோம்பாவில் இலைக்குக் காம்பு உண்டு. காம்பின் நுனியில் விசிறிபோல் பலமுறை பிரியும், தொட்டால் மெத்தென்றிருக்கும். பச்சையாக, கணுவுக்கு இரண்டு இலை எதிரெதிராக இருந்து வெள்ளைப் பூ பூத்தால் கபோம்பா கரோலினியானா. செந்நிறம் கலந்து, கணுவுக்கு மூன்று இலை, ஊதாப் பூ என்றால் கபோம்பா ஃபர்காட்டா. பின்னதுதான் பகாங்கின் தாசேக் சினி ஏரியில் பரவித் தொல்லை தருவது. மீன்தொட்டியைக் கழுவிய நீரைக்கூடத் தோட்டத்து மண்ணில் ஊற்றுங்கள், ஆற்றிலோ குளத்திலோ வேண்டாம்.

கேள்வி: நாடாபோல் நீண்ட இலை. வாலிஸ்னேரியாவா, சாஜிட்டேரியாவா? – மாணவர், ஜெலுத்தோங்

பதில்: இலை நுனியை வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். ஓரத்தில் நுண்ணிய பற்கள் தெரிந்தால் வாலிஸ்னேரியா, மழமழவென்று இருந்தால் சாஜிட்டேரியா. சுருள் கம்பிபோன்ற நீண்ட காம்பில் பூ மேலே வந்தால் கேள்வியே இல்லை, வாலிஸ்னேரியாவின் பெண் பூ அது.