கொள்ளுப்பாட்டியின் பிறந்த வீட்டைப் பத்திரங்களில் தேடுவது எப்படி?

கேள்வி: எங்கள் கொள்ளுப்பாட்டி சிறு வயதிலேயே கணவரை இழந்தவர். ஆண் பிள்ளை இல்லை. மகள் வழியில் வந்தவர்கள் நாங்கள். 1918-ல் காவேரிப்பட்டணத்தில் அவர் நிலம் விற்ற கிரயப் பத்திரம் மட்டும் கையில் இருக்கிறது. அதில் கணவர் பெயர்தான் உள்ளது. பிறந்த வீடு தருமபுரிப் பக்கம் என்பார்கள். வில்லங்கம் போட்டுப் பார்த்தும் உயில் எதுவும் வரவில்லை. வேறு எங்கே தேடுவது?

பதில்: வில்லங்கச் சான்றில் உயில் வராது. அது சார்பதிவகத்தில் சொத்துப் பத்திரங்கள் பதிவாகும் 1-ம் புத்தகத்தைப் பார்த்துக் கொடுப்பது. பதிவான உயில்கள் 3-ம் புத்தகத்தில் இருக்கும், அதற்குத் தனிப் பெயர் அட்டவணையும் உண்டு. எழுதியவர் காலமான பிறகு யார் வேண்டுமானாலும் நகல் கேட்கலாம். தேடுவதை மட்டும் பதிவு அலுவலர்தான் செய்வார். மனுவில் '3-ம் புத்தகம்' என்று தெளிவாக எழுதுங்கள்.

ஆனால் உயிலை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். நீங்கள் இந்துக் குடும்பம் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். 1927-க்கு முன் நம் பக்கத்தில் உயிலை வாய்வார்த்தையாகச் சொன்னாலே செல்லும். எழுதினாலும் பதிவு செய்யக் கட்டாயம் இல்லை, இன்றும் இல்லை.

அதைவிடப் பெரிய புதையல் உங்கள் கையில் இருக்கும் கிரயப் பத்திரம்தான். முதலில் 'எனக்குப் பாத்தியப்பட்ட' என்று வரும் வரியைப் படியுங்கள். நிலம் தகப்பனார் சீதனமாகக் கொடுத்தது என்றிருந்தால் அவர் பெயரும் ஊரும் அங்கேயே கிடைத்துவிடும். பக்கத்து நிலம் கூடப்பிறந்தவர்களுடையதாக இருக்கலாம், அதனால் சக்குபந்தியையும், அதாவது நான்கு பக்க எல்லை விவரத்தையும் விடாதீர்கள்.

நிலம் கணவர் வழியில் வந்ததா? அன்றைய சட்டப்படி விதவை அதை அனுபவிக்கலாம், நினைத்தபடி விற்க முடியாது. கடன், மகள் கல்யாணம் என்று அவசியத்தைக் காட்ட வேண்டும். பின்னால் வழக்கு வரக் கூடாதென்று, வாங்குபவர் அடுத்த வாரிசுகளையும் பங்காளிகளையும் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொல்வது வழக்கம். அந்தப் பெயர்களில் கணவர் வகையறாவைக் கழித்துவிட்டால், மிஞ்சும் வெளியூர்க்காரர் அண்ணனாகவோ தம்பியாகவோ இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. சாட்சியின் பெயருக்குப் பக்கத்தில் ௸ என்ற குறி இருந்தால் 'மேற்படி' என்று பொருள், அதாவது முன்னே சொன்ன அதே ஊர். 'பாரி' என்றால் மனைவி, 'விதந்து' என்றால் விதவை, 'குமாரத்தி' என்றால் மகள்.

அப்புறம், பத்திரத்தின் பின்பக்கம். இதைப் பலர் பார்ப்பதே இல்லை. இவர் இன்னார்தான் என்று சார்பதிவாளர் முன் அடையாளம் சொன்னவர்களின் பெயர் அங்கே இருக்கும். ஒரு பெண்ணை நேரில் அறிந்தவர்கள்தான் அதற்கு முன்வருவார்கள். ஆகவே சாட்சிகளைவிட இவர்களை நான் அதிகம் நம்புவேன்.

இப்படி ஒரு பெயரும் ஊரும் கிடைத்ததும் தருமபுரி சார்பதிவகத்தில் 1-ம் புத்தகத்தின் பெயர் அட்டவணையைத் தேடச் சொல்லுங்கள். அதில் எழுதிக் கொடுத்தவர் பெயரோடு வாங்கியவர் பெயரும் இருக்கும். பாட்டி பெயரில் ஒரு தான செட்டில்மெண்ட், அண்ணன் தம்பிகளின் பாகப்பிரிவினை, இந்த இரண்டில் ஒன்று அகப்பட்டாலே குடும்பம் முழுதும் கண்முன் வந்துவிடும். தேடும் காலத்தை அவர் கல்யாணமான வருடத்தை ஒட்டி ஐந்து, பத்து வருடங்களாகக் குறுக்குங்கள். வருடக் கணக்கில்தான் கட்டணம்.

அன்று தருமபுரி, காவேரிப்பட்டணம் இருக்கும் கிருஷ்ணகிரி இரண்டுமே சேலம் ஜில்லா. தருமபுரி மாவட்டம் பிறந்தது 1965-ல், கிருஷ்ணகிரி 2004-ல். சார்பதிவகங்களும் பின்னால் பிரிந்திருக்கின்றன. அதனால் அந்த ஊர் இன்று எந்த அலுவலகத்தில் சேர்ந்தது என்று கேட்பதோடு நிறுத்தாமல், அந்த வருடத்தில் எதில் சேர்ந்திருந்தது, பழைய தொகுதிகள் இப்போது எங்கே என்றும் கேளுங்கள். சொத்துத் தகராறு ஏதாவது கோர்ட்டுக்குப் போயிருந்தால் அந்த வழக்குக் கட்டைச் சேலத்தில் விசாரியுங்கள்.